மாநில அரசு எதிர் ஒரு புகையடுப்பு

எங்கள் கோல்டர் மாவட்டத்தில் சென்ற வருடம் குற்றம் சாட்டப்பட்டவர்களில் மிகக் கண்ணியமாக நடந்துகொண்டது ஒரு புகையடுப்புதான். தப்பி ஓடப் பார்க்கவில்லை, வக்கீலை வைத்து இழுத்தடிக்கவில்லை, யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. இருந்தும் அதற்குத் தண்டனை கிடைத்தது.

அதன் சொந்தக்காரி ஒடெஸ்ஸா ப்ரூயிட். கல்யாணம், இழவு, பள்ளிக்கூடத்துப் பந்தாட்டம் என்று எங்கே கூட்டம் சேர்ந்தாலும் அந்த அடுப்பை லாரிக்குப் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு போய், ஹிக்கரி விறகுப் புகையில் பன்றி விலாவை நாள் முழுக்க வேகவைத்துப் போடுவாள். அடுப்பைச் செய்தது அவள் புருஷன் க்ளிஃப்டன். எண்ணெய்க் கம்பெனி வீசியெறிந்த பழைய தொட்டியை அறுத்து, மூடி வைத்து, புகைபோக்கி வைத்து, இரண்டு சக்கரமும் வைத்து வெல்டிங் செய்தான். நிற்கும்போது யானைக்கன்று உயரம். க்ளிஃப்டன் போன பிறகு ஒடெஸ்ஸாவின் வீட்டை நடத்தியது அந்த அடுப்புதான்.

இனி ஷெரிஃப். மாவட்டப் போலீசுக்குத் தலைவர். எங்கள் ஊரில் அந்தப் பதவிக்கு ஓட்டு வாங்கித்தான் வரவேண்டும். வெண்டல் ட்ராஸ்க் பலமுறை வாங்கி வந்தவர். அவரும் ஒடெஸ்ஸாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். க்ளிஃப்டனின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த ஆறு பேரில் அவர் ஒருவர். ஒவ்வொரு தேர்தலிலும் ஒடெஸ்ஸாவின் வீட்டு முன்புறப் புல்தரையில் அவர் பெயர்ப் பலகை நிற்கும்.

கடைசித் தேர்தலின்போது மாநிலத்தில் ஒரு புதுச் சட்டம் வந்தது. போலீஸ் பறிமுதல் செய்கிற பொருள் எது, அது என்ன ஆயிற்று என்பதை வருடா வருடம் மக்களுக்கு அறிக்கையாகச் சொல்லியாக வேண்டும். மற்ற மாவட்டத்து ஷெரிஃப்கள் முகத்தைச் சுளித்தார்கள். ட்ராஸ்க் மட்டும் மேடையேறி, ஒடெஸ்ஸாவின் விலாக்கறி கையில் சொட்டச் சொட்ட, அதை வரவேற்றார்.

"என் கையில இருக்கறத யார் வேணா பாக்கலாம்! கண்ணாடி மாதிரி இருக்கப் போறேன்!"

கண்ணாடிக்குள் பார்க்கலாமே தவிர கையை விட முடியாது என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரையும்விட அதிகமாகக் கை தட்டியவள் ஒடெஸ்ஸா.

அடுப்பு பிடிபட்டது ஒரு சனிக்கிழமை. பக்கத்து ஊரில் கல்யாணம். ஒடெஸ்ஸா கறியோடு முன்னால் போய்விட்டாள். அவள் தம்பி வெர்னல் லாரியில் அடுப்பை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தான். பின்விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்று ஷெரிஃப்புக்குக் கீழே வேலை பார்க்கும் டெபுடி ஹைரம் நெடுஞ்சாலையில் நிறுத்தினான். சோதனை போட்டதில், அடுப்பின் பக்கவாட்டுப் பெட்டியில் கரித்துண்டுகளுக்கு நடுவே ஒரு பெப்பர்மின்ட் டப்பா கிடைத்தது. உள்ளே நாலைந்து மாத்திரை.

"என்னது இது?"

"இடுப்பு வலி மாத்திரை. டாக்டர் எழுதிக் குடுத்தது. பாட்டில் வீட்ல இருக்கு."

"பாட்டில் வீட்ல, மாத்திரை ரோட்ல. அப்போ நடுவுல கடத்தல் நடந்திருக்கு."

வெர்னல் விலங்குக்காக இரண்டு கையையும் நீட்டினான். ஹைரம் பதறிப்போனான்.

"சேச்சே, உங்க மேல ஒண்ணும் இல்ல சார். நீங்க தாராளமா போகலாம். அடுப்புதான் எங்களோட வரணும். மாத்திரைய வச்சிருந்தது அதுதானே?"

"அடுப்பு என்னய்யா பண்ணும்?"

"அத அது கோர்ட்ல சொல்லிக்கட்டும்."

அன்று கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஆறிப்போன ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றார்கள். பெண்ணின் அப்பா இன்றுவரை ஒடெஸ்ஸாவோடு பேசுவதில்லை. திங்கட்கிழமை வெர்னல் டாக்டர் சீட்டோடு போனான். அவன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அப்போதே எழுதிக் கொடுத்து, சிரமத்துக்கு வருத்தமும் தெரிவித்தார்கள். அடுப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அது தனி ஆள், தனி வழக்கு. பெயரே 'மாநில அரசு எதிர் ஒரு புகையடுப்பு, கறுப்பு, இரு சக்கரம்' என்பதுதான்.

ஒடெஸ்ஸா நேரே ஷெரிஃப்பின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

"வெண்டல், என் அடுப்ப உன் பசங்க தூக்கிட்டு வந்துட்டாங்கப்பா."

"கேள்விப்பட்டேன் ஒடெஸ்ஸா. மனசே சரியில்ல. காபி குடிக்கிறியா?"

"அடுப்பக் குடு, குடிக்கிறேன்."

"நான் தலையிட்டா நல்லாவா இருக்கும்? சிநேகிதிக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம்னு நாளைக்கு நாலு பேர் பேசமாட்டானா? அதுவும் கண்ணாடி மாதிரி இருக்கேன்னு சொன்ன மனுஷன்?"

"அதுவும் சரிதான்." ஒடெஸ்ஸாவுக்கு அவர் நிலைமை புரிந்தது. "அடுப்பு என்னுதுன்னு கோர்ட்ல உரிமை மனு போடணும்னு வெர்னல் சொல்றான். முப்பது நாள்தான் கெடுவாம்."

ஷெரிஃப் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"வக்கீலுக்குக் கொட்டி அழ உங்கிட்ட என்ன இருக்கு? அடுப்பு வெலையவிட அவன் கேக்கறது ஜாஸ்தியா இருக்கும். மனு கினு எல்லாம் வேணாம். மனுன்னு போட்டாலே சண்டைன்னு ஆயிடும். கொஞ்சம் பொறு. வருஷ அறிக்கை வரும்போது எல்லாம் தானா வெளிய வந்துரும். நான் பாத்துக்கறேன். என்னை நம்பமாட்டியா?"

நம்பினாள். அதற்கு அவள் தனியாக முயற்சி எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. நாற்பது வருடப் பழக்கம்.

இடைப்பட்ட காலத்தில் அடுப்பு எப்படி இருக்கிறது என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று, புதுச் சட்டத்துக்காகவே கட்டிய வெளிப்படைத்தன்மை அலுவலகத்துக்குப் போனாள். நாலு சுவரும் கண்ணாடி. பறிமுதல் செய்த பொருள்களை விற்றுக் கட்டியது என்று வாசலிலேயே பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தார்கள். உள்ளே லயல் ஃபென்விக் என்ற அதிகாரி. பளிச்சென்ற சட்டை, பளிச்சென்ற பல். ஷெரிஃப்பின் அறிக்கையைத் தயாரிப்பவர் அவர்தான்.

"என் அடுப்பு எங்க இருக்கு, என்ன பண்ணப் போறீங்கன்னு தெரியணும்."

"அருமையான கேள்வி, மிஸ் ஒடெஸ்ஸா! இந்த மாதிரிக் கேள்விக்காகத்தான் இந்த அலுவலகமே." அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். 'பெறப்பட்ட கேள்விகள்' என்று சுவரில் மின்னிய பலகையில் எண் ஒன்று ஏறியது.

ஒடெஸ்ஸா அதையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். "பதிலு?"

"பதிலுக்குத் தனிப் பலகை வாங்கணும். இன்னும் கொஞ்சம் பறிமுதல் வரட்டும்."

"பலகை வேணாம் தம்பி, வாயாலயே சொல்லுங்க."

"சொல்லக்கூடாதுங்க. தனிப்பட்ட வழக்கு விவரம். சொத்துக்காரரோட அந்தரங்கத்தக் காப்பாத்தறது எங்க கடமை."

"சொத்துக்காரி நான்தானே?"

"அதனாலதாங்க. உங்க அந்தரங்கத்த உங்ககிட்டயே போட்டு உடைக்கச் சொல்றீங்களா?"

அவள் முகம் போன போக்கைப் பார்த்து லயலுக்கே இரக்கம் வந்தது. கணினியைத் திருப்பி, அறிக்கையின் முதல் பக்கத்தைக் காட்டினார். வட்டமாக ஒரு படம், இரண்டு நிறம். 'சட்ட அமலாக்கம் நூற்றுக்கு எழுபத்தொன்று. இதர சட்ட அமலாக்கம் இருபத்தொன்பது.'

"இதுல என் அடுப்பு எங்க இருக்கு?"

லயல் பச்சைப் பகுதியின் மேல் விரலை வைத்து, பரிவோடு அங்கும் இங்கும் நகர்த்தினார். "இங்கதான், எங்கயோ."

கெடு முடிந்து கொஞ்ச நாளில் வழக்கு விசாரணைக்கு வந்தது. கோர்ட்டில் ஒடெஸ்ஸாவும் வெர்னலும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். சேவகன் வாசலில் நின்று தாழ்வாரத்தைப் பார்த்துக் கூப்பிட்டான். "கறுப்புப் புகையடுப்பு, இரு சக்கரம்! கறுப்புப் புகையடுப்பு, இரு சக்கரம்!" மூன்றாம் முறை கூப்பிட்டபோது தாழ்வாரத்தில் நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒன்றும் வரவில்லை.

ஒடெஸ்ஸா எழுந்தாள். "அம்மா, அது பேசாதும்மா."

நீதிபதி கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "நீங்க யாரு?"

"சொந்தக்காரி."

"உரிமை மனு போட்டீங்களா?"

"வெண்டல் வேணாம்னான்."

"வெண்டல் இந்த வழக்குல தரப்பு இல்ல. மனு போடாததால நீங்களும் இல்ல. இருக்கறது அடுப்பு மட்டும்தான். அதுவும் வரல."

"எப்படிம்மா வரும்? ஷெரிஃப் கொட்டகையில சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருக்காங்களே!"

"காவல்ல இருக்கறது ஆஜராகாததுக்கு ஒரு சாக்கு இல்ல," என்றார் நீதிபதி. கூப்பிட்டும் வராத அடுப்பை மாவட்டத்துக்கே சொந்தமாக்கித் தீர்ப்பு எழுதினார். அடுத்து ஒரு படகின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் ஒடெஸ்ஸா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அப்போதுகூட அவளுக்கு வெண்டல் மேல்தான் கவலை.

"கெடு இவ்வளவு கறாரா இருக்கும்னு வெண்டலுக்குத் தெரிஞ்சிருக்காதுடா. பாவம், அவனுக்கு எத்தனை வேலை."

"அக்கா," என்றான் வெர்னல், "அவன்தான் ஷெரிஃப்."

"வாய மூடு. க்ளிஃப்டனைத் தூக்கினவன்டா அவன்."



அந்தக் குளிர்காலம் முழுக்க ஒடெஸ்ஸா பள்ளிக்கூடத்து உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவினாள். வந்த கல்யாணங்களையெல்லாம் கை நழுவ விட்டாள். வசந்தத்தில் லயல் ஃபென்விக்கிடமிருந்து தொலைபேசி வந்தது. வெளிப்படைத்தன்மை நாள் வருகிறதாம். கோர்ட்டு முன் மைதானத்தில் ஷெரிஃப் அறிக்கையை வெளியிடுவார், ஊருக்கே சாப்பாடு.

"மாவட்டத்துக்குப் புதுசா ஒரு புகையடுப்பு சேர்ந்திருக்குங்க. ஆனா அதுல வேகவைக்க எங்க ஆளுங்களுக்கு வரல. நீங்க வந்தா 'சமூகப் பங்காளர்'னு தோள்ல பட்டை போட்டு மரியாதை பண்ணுவோம். ஷெரிஃப்பே உங்க பேரைச் சொன்னாரு."

ஒடெஸ்ஸா போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்புறம் மசாலாவுல என்னென்ன போடுவீங்கன்னு சொன்னா, அறிக்கையில சேத்துருவேன்."

"எழுதிக்கோ தம்பி. மசாலா நூத்துக்கு எழுபத்தொண்ணு. இதர மசாலா இருபத்தொம்போது."

லயல் நன்றி சொல்லி எழுதிக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு ஒடெஸ்ஸா தம்பி பக்கம் திரும்பினாள். மாதக்கணக்கில் காணாத வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது. "நான் சொன்னேனா இல்லையா? எல்லார் முன்னாடியும் திருப்பிக் குடுக்கப் போறான். ரகசியமாக் குடுத்தா ஊர் பேசும்னுதான் இவ்வளவு நாள் இழுத்திருக்கான். அதான் என் பேரைச் சொல்லியிருக்கான்."

வெர்னல் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டான். திரும்ப வரும்போது அடுப்பைப் பூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று கொக்கியையும் சங்கிலியையும் எடுத்து வைக்கச் சொன்னாள். அதையும் எடுத்து வைத்தான்.

விடியுமுன்பே மைதானத்துக்குப் போய்விட்டார்கள். அடுப்புக்கு நீலச் சாயம் பூசி, மூடியில் தங்க நிறத்தில் ஷெரிஃப் நட்சத்திரம் வரைந்திருந்தார்கள். கைப்பிடிக்குக் கீழே க்ளிஃப்டன் தன் பெயரின் முதலெழுத்தையும் அவள் பெயரின் முதலெழுத்தையும் வெல்டிங்கால் இழுத்து வைத்திருந்தான். சாயம் சமமாக ஏறவேண்டும் என்று அதை அரத்தால் தேய்த்து எடுத்திருந்தார்கள். ஒடெஸ்ஸா கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. பிறகு விலாக்கறியை உள்ளே அடுக்கி மூடிவிட்டு, குனிந்து தீ மூட்டினாள். சுரண்டினால் சாயம் உரிந்துவிடும் என்று வெர்னலிடம் சொன்னாள்.

பத்து மணிக்கு மேல் ஊரே திரண்டுவிட்டது. சர்ச் ஆட்கள், பள்ளிக்கூடத்து ஆட்கள், ஒடெஸ்ஸா கையால் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்கள். ஒவ்வொருவராக வந்து அவள் தோளைத் தொட்டு, "உன்னை மறுபடியும் அடுப்புக்கிட்டப் பாக்க எவ்வளவு சந்தோஷமா இருக்கு," என்றார்கள். லயல் அவளுக்குப் பட்டை அணிவித்தார். ஷெரிஃப் மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே! சில மாவட்டத்துல பறிமுதல் பண்ண பொருள் எங்க போச்சுன்னு கேட்டா முழிப்பாங்க. இங்க அந்தப் பேச்சே கிடையாது. இதோ, உங்க கண்ணு முன்னாடி நிக்குது!"

கை தட்டினார்கள். ஒடெஸ்ஸா கையுறையைக் கழற்றி, கூந்தலை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

"இது எப்படிக் கெடச்சதுன்னும் சொல்றேன். மறைக்க என்ன இருக்கு? இருபது வருஷமா இந்த அடுப்ப எனக்குத் தெரியும். என் மக கல்யாணத்துக்கு இதுல வெந்ததத்தான் தின்னேன். அன்னிக்கி ஹைரம் ரேடியோவுல கூப்பிட்டு, 'ஷெரிஃப், ஒடெஸ்ஸாவோட அடுப்பு மாட்டியிருக்கு, விட்டுரவா?'ன்னான். 'டேய், விட்டுராதே, அது தங்கம்'னேன்!"

சிரிப்பு. ஹைரம் வெட்கத்தோடு தொப்பியைத் தொட்டுக்கொண்டான்.

"உரிமை மனு வந்திருந்தா சிக்கல்தான். கோர்ட்டு, இழுபறி, உங்க வரிப்பணம். நல்லவேளை, வரல. எப்படி வரல? சும்மாவா வரல? நாலு வார்த்தை ஆறுதலாப் பேசினா ஜனங்க புரிஞ்சுக்கறாங்க. மனு வராம பாத்துக்கறதுதான் நல்ல நிர்வாகம். இனிமே இந்த அடுப்பு எங்க துறையோட நிதி திரட்டற விருந்துக்கெல்லாம் வரும். இது உங்க சொத்து!"

லயல் பொதுமக்கள் கேள்வி நேரத்தை அறிவித்தார். யாரும் எழவில்லை. அடுப்புப் பக்கத்திலிருந்து ஒடெஸ்ஸா கேட்டாள். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை, அவ்வளவு அமைதி.

"வெண்டல். மனு போடாதேன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னியே, அன்னிக்கே இது உனக்கு வேணும்னு நெனச்சிருந்தியா?"

ஷெரிஃப் ஒரு கணம் தலை குனிந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

"ஆமா, ஒடெஸ்ஸா. உங்கிட்ட பொய் சொல்ல எனக்கு மனசு வராது."

முதலில் ஒருவர் கை தட்டினார். பிறகு நாலு பேர். பிறகு மைதானம் முழுக்க. "இப்படி ஒரு நேர்மையான மனுஷன எங்க பாப்பீங்க?" என்று சர்ச்சில் ஒடெஸ்ஸாவுக்கு முன்பெஞ்சில் உட்காரும் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேள்வி ஒன்று, பதில் ஒன்று என்று லயல் குறித்துக்கொண்டார். அலுவலகம் தொடங்கியதிலிருந்து இரண்டும் சரிக்குச் சரியானது அன்றைக்குத்தான்.

ஷெரிஃப் மேடையிலிருந்து இறங்கி, காலித் தட்டோடு நேரே ஒடெஸ்ஸாவிடம் வந்தார். எத்தனையோ வருடம் அப்படி வந்தவர்தான்.

"கோவமா?"

"இல்ல வெண்டல். கோவம்னா சொல்லத் தெரியும்." அவள் குரல் ஏறவில்லை. "இத ஒரு திருடன் எடுத்திருந்தா நான் உன்னைக் கூப்பிட்டிருப்பேன். முதல்ல உன்னைத்தான் கூப்பிட்டிருப்பேன். இப்ப நான் யாரைக் கூப்பிடறது? சொல்லு."

ஷெரிஃப் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"லயலைக் கூப்பிடு," என்றார் கடைசியில். "திங்கக்கிழமை ஒம்பது மணிக்குத் தெறந்துருவான்."

ஒடெஸ்ஸா பட்டையைக் கழற்றினாள். கையுறையை மடித்து விறகுக் குவியலின் மேல் வைத்தாள். கொக்கியும் சங்கிலியும் கிடந்த லாரியில் ஏறி உட்கார்ந்தாள். வெர்னல் வண்டியைக் கிளப்பினான். வழியில் நின்றவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், இரண்டொருவர் கையசைத்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"ஒடெஸ்ஸா! மூடிய எப்பத் தெறக்கணும்?" என்று ஷெரிஃப் பின்னாலிருந்து கத்தினார். லாரி திரும்பிவிட்டது.

ஹைரம் கைப்பிடியைப் பிடித்தான். லயல் ஓடிவந்து தடுத்தார். அது இப்போது துறையின் சொத்து. பதிவான இயக்குநர் மட்டும்தான் திறக்கலாம். சமூகப் பங்காளர் என்று இன்றைக்குப் பதிவாகியிருப்பது ஒடெஸ்ஸாவின் பெயர். "அத மாத்துய்யா," என்றார் ஷெரிஃப். மாற்றலாம், ஆனால் அதைப் பொது அறிவிப்பாக வெளியிட்டு, ஆட்சேபணைக்குக் காலம் விட வேண்டும். தவிர, உள்ளே என்ன நிலைமை என்று தெரியாமல் பொதுமக்கள் முன்னால் திறப்பது உசிதமா என்றும் லயல் கேட்டார். அதில் நியாயம் இருப்பதாக ஷெரிஃப்புக்கும் பட்டது.

ஆகவே ஊரே காலித் தட்டோடு வரிசையில் நின்றது. நட்சத்திரம் போட்ட மூடி மூடியே இருந்தது. புகைபோக்கியில் முதலில் வெள்ளையாக வந்த புகை பிறகு மஞ்சளாக வந்தது, பிற்பகலில் கறுப்பாக வந்தது. உள்ளே என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.